வெட்டிய இடத்தை எதால் மூடுவது?

கண் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் “கண்ணுல சதை வளருது டாக்டர்” என்று வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் சொல்வது மட்டும் கொஞ்சம் வேறு: “போன வருஷமே ஆபரேஷன் பண்ணிட்டேன். நாலு மாசத்துல மறுபடி வந்துடுச்சு. அப்போ சரியா வெட்டலையா?” நியாயமான கேள்விதான். ஆனால் வெட்டியதில் பெரும்பாலும் குறை இருக்காது. வெட்டிய பிறகு அந்த இடத்தை எதைக்கொண்டு மூடினார்கள், அல்லது மூடாமலே விட்டுவிட்டார்களா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தச் சதைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டெரிஜியம். பலர் இதைப் புரையோடு குழப்பிக்கொள்கிறார்கள். புரை என்பது கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது. வெளியே கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிற சதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. விழியின் வெள்ளைச் சுவரைப் போர்த்தியபடி மெல்லிய, ஈரமான தோல் ஒன்று இருக்கிறது. வெண்படலம் என்பார்கள், ‘மெட்ராஸ் ஐ’ வந்தால் சிவந்துபோவது இதுதான். இந்தப் படலம் மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாகத் தடித்து, ரத்தநாளங்களையும் இழுத்துக்கொண்டு கருவிழிமேல் ஏறினால் டெரிஜியம். முதலில் உறுத்தல், சிவப்பு. பிறகு கருவிழியைப் பக்கவாட்டில் இழுத்து அதன் வளைவைக் கெடுக்கும். கண்ணாடியின் பவர் கோணலாகும். கண்மணிக்கு நேரே வந்துவிட்டால் பார்வையையே மறைக்கும். இது புற்றுநோய் இல்லை. ஓரமாகக் கிடந்து வளராமல் இருக்கும் சின்னச் சதையை யாரும் அவசரப்பட்டு வெட்ட வேண்டியதும் இல்லை.

நம் பக்கத்தில் இது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சென்னையையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து, நாற்பது வயது தாண்டியவர்களிடம் நடத்திய சென்னை குளோகோமா ஆய்வில் சுமார் 9.5 சதவீதம் பேருக்கு டெரிஜியம் இருந்தது. நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல். வெயிலில் நிற்கிறவர்களின் நோய் இது. 1965ல் மால்கம் கேமரன் உலகம் முழுவதற்குமான டெரிஜியம் வரைபடத்தைத் தொகுத்தபோது, பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 37 பாகைக்குள் இந்நோய் நெருக்கமாகக் கிடப்பது தெரிந்தது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகிலேயே வாழ்நாளைக் கழித்த 838 தொழிலாளிகளைச் சோதித்த ஆய்வு, கண்ணில் பட்ட புறஊதாக் கதிரின் அளவுக்கும் சதைக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்தியது.

வெயில் முகம் முழுவதும்தானே அடிக்கிறது, சதை மட்டும் ஏன் மூக்குப் பக்கமே வருகிறது? இதற்கு சிட்னியைச் சேர்ந்த மினாஸ் கொரோனியோ 1993ல் சொன்ன விளக்கம் அழகானது. பொட்டுப் பக்கத்திலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளி கருவிழியின் வளைவில் நுழைந்து, உள்ளே குறுக்காகக் கடந்து, எதிர்ப் பக்கமான மூக்குப் பக்க விளிம்பில் குவிகிறது. கருவிழியே ஒரு லென்ஸாக வேலை செய்து, அந்த ஒரு புள்ளியில் ஒளியை ஏறத்தாழ இருபது மடங்கு செறிவாக்குகிறது. மறுபக்கத்துக்கு இதே கதி நேராததற்கு மூக்குதான் காரணம். அந்தத் திசையிலிருந்து வரும் ஒளியை அது தடுத்துவிடுகிறது. சாதாரணக் கூலிங் கிளாஸ் போட்டாலும் பக்கவாட்டு ஒளி உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் உபரித் தகவல். பக்கமும் மூடிய கண்ணாடி, அல்லது அகன்ற விளிம்புத் தொப்பி, அல்லது இரண்டும் வேண்டும்.

அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த விஷயம். கருவிழிக்கும் வெள்ளைக்கும் நடுவே ஓடும் மெல்லிய வளையம் இரண்டு வயல்களுக்கு நடுவே இருக்கும் வரப்பு மாதிரி. ஒருபக்கம் ரத்தநாளமே இல்லாத, கண்ணாடி போன்ற கருவிழி. மறுபக்கம் ரத்தநாளங்கள் ஓடும் வெண்படலம். இரண்டும் கலந்துவிடாமல் காப்பவை அந்த வளையத்தில் குடியிருக்கும் மூல உயிரணுக்கள். கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதிதாக அனுப்புகிறவையும் அவைதான். வருடக்கணக்காகக் குவிந்த புறஊதாக் கதிர் அங்கே உயிரணுக்களைக் கெடுத்துவிட்டால் தடை உடைகிறது, வெண்படலம் கருவிழிக்குள் புகுகிறது. மிக மெதுவாக நடக்கும் காரியம் இது. இருபது, முப்பது வருட வெயில் தேவைப்படும்.

திரும்பி வரும் சதையோ மாதக்கணக்கில் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹெர்ஸ்ட்டும் சகாக்களும் 1994ல் கணக்கிட்டபோது, திரும்புபவற்றில் பாதி முதல் 120 நாளுக்குள்ளும் 97 சதவீதம் ஒரு வருடத்துக்குள்ளும் தலைகாட்டியிருந்தன. நாலு மாதத்தில் வெயில் இவ்வளவு செய்துவிடாது. உண்மையில் மறுபடி வருவது வேறு சமாச்சாரம். வெண்படலத்துக்கு அடியில் டெனான் படலம் என்ற நார்த்திசு இருக்கிறது. சதையை வெட்டி எடுத்த இடம் திறந்த புண். புண்ணை மூட அந்த நார்த்திசுவிலிருந்து உயிரணுக்கள் ஓடிவருகின்றன. அவற்றுக்குச் சோறு போட ரத்தநாளங்கள் கூடவே வருகின்றன. காலில் அடிபட்டால் இதைத்தான் வேண்டும் என்போம். கண்ணில், அதுவும் கருவிழியின் விளிம்பில், இதே ஆற்றல் விபரீதமாகிறது. வெட்டியதால் கிளம்பிய இந்தத் தழும்பு முதல் சதையைவிடத் தடிமனாகவும், சிவப்பாகவும், அடித்தளத்தோடு இறுகப் பிணைந்தும் இருக்கும். வயது குறைந்தவர்களிடம் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதும் இதனால்தான். இளம் உடலில் புண் வேகமாக ஆறும்.

திரும்பி வரும் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சுஸ்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரப் பகுதி இந்தச் சதையை அர்மம் என்று குறிப்பிட்டு ஐந்து வகையாகப் பிரிக்கிறது. உப்புத் தூளால் சதையைத் தளர்த்தி, கொக்கியால் தூக்கி, ஊசி நூலால் பிடித்துக்கொண்டு அறுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. மூக்கோர மூலையை வெட்டிவிட்டால் ரத்தப்போக்கும் புரையோடிய புண்ணும் வரும், குறைவாக வெட்டினால் சதை விரைவில் வளரும் என்று இரண்டு பக்கமும் எச்சரிக்கிறது. கை தேர்ந்தவர்கள் எழுதியது என்று அந்த எச்சரிக்கையிலேயே தெரிகிறது. ஆனால் அவர்களும் பிற்காலத்தவரும் ‘எவ்வளவு வெட்டுவது’ என்ற கேள்வியோடே நின்றார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் அதே நிலைதான். சதையை எடுத்துவிட்டு, வெள்ளைச் சுவர் வெளியே தெரிய அப்படியே விடுவது பரவலான முறையானது. பத்து நிமிட வேலை, தையல் இல்லை, செலவு இல்லை. விலை பிறகு தெரிந்தது. வெவ்வேறு ஆய்வுகளில் இந்த முறைக்குப் பின் சதை திரும்பிய விகிதம் 24 முதல் 89 சதவீதம் வரை. ஒட்டு வைக்கும் வசதி இருக்கும் இடத்தில் இன்றும் யாராவது இப்படிச் செய்தால் அதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

நடுவில் இன்னொரு வழியையும் முயன்றார்கள்: புண் ஆறுவதையே தடுப்பது. ஸ்ட்ரான்ஷியம்-90 பூசிய கருவியை விளிம்பில் வைத்து பீட்டா கதிர் பாய்ச்சினார்கள். சதை அடங்கியது, ஆனால் பல வருடம் கழித்துச் சிலருக்கு அதே இடத்தில் வெள்ளைச் சுவர் செத்து மெலிந்து, கிருமி புகுந்தது. ஜப்பானில் 1960களில் மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கையிலெடுத்தார்கள். பிரியும் உயிரணுக்களை நிறுத்தும் மருந்து அது. தொடக்கத்தில் சொட்டு மருந்தாக வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். 1992ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் அறிக்கை கண்ணழுத்தம் ஏறியவர்கள், கருவிழியில் ஓட்டை விழுந்தவர்கள் என்று பட்டியலிட்ட பிறகு கை நடுங்கிற்று. இப்போது அறுவையின்போது மட்டும், 0.02 சதவீதக் கரைசலில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்துவிட்டு நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். கட்டுக்குள் வைத்துப் பயன்படுத்தினால் உதவும் மருந்துதான், ஆனால் மூடுவதற்கு மாற்றாகாது.

கேள்வியைத் திருப்பிப் போட்டது 1985ல் கென்னத் கென்யனும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை. 57 கண்கள், அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே வெட்டித் திரும்பி வந்தவை. சதையை எடுத்த இடத்தில், அதே நோயாளியின் அதே கண்ணிலிருந்து எடுத்த நல்ல வெண்படலத்தை வைத்துத் தைத்தார்கள். திரும்பியது 5.3 சதவீதம். இன்று உலகம் முழுவதும் ‘சொந்த ஒட்டு’ முதல் தெரிவாக இருப்பதற்கு அஸ்திவாரம் இந்தக் கட்டுரைதான்.

ஒட்டு எங்கிருந்து கிடைக்கிறது? உங்கள் மேலிமையை விரலால் தூக்கிக் கீழே பார்த்தால் விழியின் மேற்பகுதியில் வெள்ளை வெளேரென்று ஒரு பரப்பு தெரியும். வாழ்நாள் முழுக்க இமையின் நிழலிலேயே இருந்ததால் வெயில் படாத தோல் அது. சொட்டு மருந்தும் சின்ன ஊசியுமாகக் கண்ணை மரக்கச் செய்துவிட்டு, முதலில் சதையின் தலையைக் கருவிழியிலிருந்து உரித்து எடுக்கிறார்கள். அடியிலுள்ள நார்த்திசுவையும் வழித்து, வெட்டிய பரப்பைக் காலிப்பரால் அளக்கிறார்கள். பிறகு கண்ணைக் கீழ்நோக்கித் திருப்பி, மேல்பரப்பில் அந்த அளவைவிட அரை முதல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக ஊதா மையால் புள்ளி வைக்கிறார்கள். அடியில் கொஞ்சம் மருந்துநீரைச் செலுத்தினால் படலம் கொப்புளம் போல உப்பி நார்த்திசுவிலிருந்து விலகிக்கொள்ளும். கத்தரியை அந்த இடைவெளியில் நுழைத்து உரிக்க வேண்டும். கத்தரியின் முனை படலத்துக்கு அடியில் போவது வெளியே தெரிந்தால் சரியான மென்மை. தெரியவில்லை என்றால் நார்த்திசுவும் சேர்ந்து வருகிறது என்று பொருள். அது பின்னால் சுருங்கி ஒட்டையே இழுத்துவிடும். வெட்டி எடுத்த துண்டு ஈரத் தாளைப் போல ஓரம் சுருளும், எந்தப் பக்கம் மேல் என்று கண்டுபிடிப்பதே கடினம். அங்கேதான் அந்த மைப்புள்ளிகள் கைகொடுக்கின்றன. விளிம்போரம் இருந்த ஓரத்தை விளிம்போரமாகவே பொருத்த வேண்டும். தலைகீழாக வைத்தால் ஒட்டு பிடிக்காது. எடுத்த இடம்? அதை ஒன்றும் செய்வதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அதுவாகவே மூடிக்கொள்ளும்.

மூடியதும் அடியிலிருந்து ஓடிவரும் நார் உயிரணுக்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. புண் ஏற்கெனவே மூடியிருக்கிறதே. சதை எடுத்த பள்ளத்தில் நல்ல படலம் வந்து உட்கார்ந்ததால் விளிம்பின் தடையும் ஓரளவு மீள்கிறது.

இந்த யோசனையைக் கடைசிவரை இழுத்துச் சென்றவர் மேலே சொன்ன ஹெர்ஸ்ட். பிரிஸ்பேனில் வெயிலுக்குக் குறைவில்லை. நார்த்திசுவை மிக விரிவாக அகற்றி, மிகப் பெரிய ஒட்டைப் பொருத்தும் தன் முறைக்கு ‘பெர்ஃபெக்ட்’ என்று சுருக்கப்பெயர் வைத்தார். கொஞ்சம் தற்பெருமையான பெயர்தான், ஆனால் கணக்கு பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது: தொடர்ச்சியாகச் செய்த 1000 அறுவைகளில் ஒரே ஒரு கண்ணில்தான் சதை திரும்பியது. நெடுநேரம் பிடிக்கும் அறுவை. முதல் சில நாள் வலியும் வீக்கமும் அதிகம். ஒரு நாளைக்கு ஐம்பது புரை அறுவை செய்யும் கூடத்தில் இதற்கு இடம் பிடிப்பது லேசல்ல. ஆனாலும் திரும்பி வருவது விதி இல்லை என்று இந்த எண் காட்டிவிட்டது.

ஒட்டை எதால் பிடித்து வைப்பது என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. பழைய வழி தையல். இதற்குப் பயன்படும் மிகச் சன்ன நூலின் தடிமன் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு, தலைமுடியில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு இமைப்பிலும் அந்த முடிச்சு உறுத்தும். கண்ணில் நீர் கொட்டும். இரண்டாம் வழி ஃபைப்ரின் பசை. ரத்தம் உறைவதன் கடைசிக் கட்டத்தை இரண்டு சிரிஞ்சுகளில் பிரித்து வைத்தது போன்றது இது. ஒன்றில் ஃபைப்ரினோஜன், இன்னொன்றில் த்ராம்பின். இரண்டும் சேர்ந்தால் சில நொடிகளில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக்ஹோமில் 2004ல் ‘வெட்டி ஒட்டும்’ முறையாக இதை வெளியிட்ட பிறகு பரவியது. அறுவை நேரம் குறைகிறது, வலி குறைகிறது. தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் சதை திரும்புவதும் தையலைவிடக் குறைவு. இடைஞ்சல் விலையில் இருக்கிறது. பசை பாக்கெட் சில ஆயிரம் ரூபாய், மனித ரத்தத்திலிருந்து தயாராவது.

மூன்றாம் வழி இந்தியாவில் பல மருத்துவர்களுக்குப் பிடித்துப்போனது: பசையை வாங்குவானேன், வெட்டிய இடத்தில் கசியும் ரத்தத்திலேயே அந்தப் பொருள் இருக்கிறதே! கசிவை முழுக்கக் காயவைக்காமல், மெல்லிய ரத்தப் படுகைமேல் ஒட்டை விரித்து, ஓரங்களைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பற்றிக்கொள்கிறது. 2010ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். செலவு சுழியம். ஆனால் பிடிமானம் பசை அளவுக்கு இல்லை. முதல் ஓரிரு நாளில் கண்ணைக் கசக்கினால் ஒட்டு நழுவும். எல்லாரும் கைக்கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்ப முடிந்தால் இது நல்ல வழி.

சில கண்களில் சொந்த ஒட்டு எடுக்கவே இடமிருக்காது. மூக்குப் பக்கம் ஒன்று, பொட்டுப் பக்கம் ஒன்று என்று இரட்டைச் சதை வந்தவர்கள்; இரண்டு மூன்று முறை வெட்டி மேல்பரப்பெல்லாம் தழும்பானவர்கள். கண்ணழுத்த நோய் இருந்தால் இன்னொரு தயக்கமும் உண்டு: அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை பின்னால் தேவைப்பட்டால் அந்த மேல்பரப்புத் தோல் கெடாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு விழியின் கீழ்ப்பரப்பிலிருந்து எடுக்கலாம். அதுவும் போதாவிட்டால் பனிக்குடப் படலம்.

கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பையின் உட்படலம் அது. சிசேரியன் பிரசவத்தில் தாயின் சம்மதத்தோடு நஞ்சுக்கொடியைப் பெற்று, தாயின் ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதித்து, படலத்தை உரித்து உறைய வைத்தோ உலர்த்தியோ வைத்துக்கொள்கிறார்கள். 1940லேயே கண்ணில் முயன்று பார்த்து மறந்துபோன பொருள். 1995ல் ஷெஃபர் செங்கும் சகாவும் முயலின் கருவிழியில் செய்த சோதனைக்குப் பிறகு மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. இதில் ரத்தநாளம் கிடையாது. அழற்சியையும் தழும்பையும் தணிக்கும் பொருட்கள் இதில் உண்டு. மேல்தோல் உயிரணுக்கள் படர இது நல்ல தளம்.

நல்ல பொருள்தான், ஆனால் சொந்த ஒட்டுக்கு அடுத்த இடம்தான். மயாமியில் 1997ல் வெளிவந்த ஒப்பீட்டில், பனிக்குடப் படலம் வைத்த முதல்முறைச் சதைகளில் 10.9 சதவீதமும் திரும்பி வந்த சதைகளில் 37.5 சதவீதமும் மறுபடி வளர்ந்தன. சொந்த ஒட்டு வைத்தவற்றில் அதே எண்கள் 2.6, 9.1. பல ஆய்வுகளைத் தொகுத்த 2016 காக்ரேன் அறிக்கையும், ஆறு மாத முடிவில் சொந்த ஒட்டுக்குச் சதை திரும்பும் ஆபத்து ஏறத்தாழப் பாதி என்றது. காரணம் ஊகிக்கக்கூடியதே. பனிக்குடப் படலம் ஒரு விரிப்பு. அதன்மேல் நோயாளியின் உயிரணுக்கள் வந்து படர வேண்டும், பிறகு அது கரைந்துபோகும். சொந்த ஒட்டோ உயிருள்ள தோல், முதல் நாளிலிருந்தே வேலைக்கு வந்துவிடுகிறது.

இதே எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. எந்த முறையாக இருந்தாலும் இரண்டாம் அறுவையின் எண் முதலாவதைவிட மூன்று மடங்குக்கு மேல். ஏற்கெனவே வெட்டிய கண்ணில் தழும்பு வெள்ளைச் சுவரோடு மட்டும் ஒட்டியிருப்பதில்லை. மூக்குப் பக்கம் விழியை இழுக்கும் தசையையும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கண் வெளிப்பக்கம் முழுதாகத் திரும்பாது. பக்கவாட்டில் பார்த்தால் உருவம் இரண்டாகத் தெரியும். சிலருக்கு இமையின் உட்புறமே விழியோடு ஒட்டிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குத் தசையைத் தழும்பிலிருந்து பிரித்தெடுத்து, பனிக்குடப் படலத்தை விரித்து, அதற்குமேல் விளிம்பிலுள்ள மூல உயிரணுக்களோடு சேர்த்து எடுத்த ஒட்டை வைத்து, தேவைப்பட்டால் மைட்டோமைசினும் சேர்க்கிறார்கள். வரப்பே இல்லாமல் போன கண்ணுக்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் உருவாகி 2012ல் வெளிவந்த ஒரு முறை உண்டு. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் துண்டை எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பனிக்குடப் படலத்தின்மேல் விதைக்கிறார்கள். ரசாயனத்தால் வெந்த கண்களுக்காக வந்தது இது. பிடிவாதமான டெரிஜியத்திலும் இதன் சின்ன வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே காசும் நேரமும் செலவழிக்க வேண்டியது முதல் அறுவையில். “சின்னச் சதைதானே, சும்மா எடுத்துவிடலாம்” என்று யார் சொன்னாலும், எடுத்த பிறகு என்ன வைப்பீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்பதும் கேட்க வேண்டியதே. விளிம்பில் தொடங்கும் புற்றுநோய் அபூர்வமாக இந்தச் சதைக்குள் ஒளிந்திருக்கும். அறுவைக்குப் பின் பல வாரம் ஸ்டீராய்டு சொட்டு போட வேண்டியிருக்கும். அந்தச் சொட்டு சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றும்; எனவே அழுத்தம் பார்க்காமல் மருந்துக்கடையில் தானாகவே மறுபடி வாங்கிப் போடக்கூடாது. ஒரு வருடம் வரை பரிசோதனைக்குப் போய்வர வேண்டும்.

ஏற்கெனவே ஒருமுறை வெட்டிக்கொண்டவர்கள் அடுத்த மருத்துவரிடம் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு போனால் பெரிய உபகாரம். ஒட்டு வைத்தார்களா, வைத்திருந்தால் மேலிருந்தா கீழிருந்தா, மைட்டோமைசின் போட்டார்களா என்ற மூன்று விவரத்தை வைத்துத்தான் இந்த முறை எங்கிருந்து தோல் எடுப்பது என்று அவர் முடிவு செய்வார்.